யாரைக் கேட்டு?

2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. சர்க்கஸ்களில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்யும் அறிவிக்கையை இரண்டு மாதத்துக்குள் வெளியிட வேண்டும் என்று மத்திய அரசைப் பணித்தது. கூடாரங்களில் அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளின் நிலையை முன்வைத்து பச்பன் பசாவோ ஆந்தோலன் 2006இல் தொடுத்த வழக்கு அது. அதே 2011இன் செப்டம்பரில் அமெரிக்காவில் எரின் மார்கன்ஸ்டர்னின் முதல் நாவலான ‘தி நைட் சர்க்கஸ்’ வெளிவந்தது. தீர்ப்பை எழுதியவர்களுக்கு நாவலைத் தெரியாது. நாவலை எழுதியவருக்கு வழக்கைத் தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனாலும் இரண்டின் நடுவிலும் நிற்பது ஒரே உருவம்தான். பெரியவர்கள் தங்களுக்குள் பேசி முடித்த ஏற்பாட்டின் பேரில் கூடாரத்துக்குள் வந்து சேர்ந்த குழந்தை.

மாய சர்க்கஸை வைத்து இளையோருக்காக எழுதப்படும் கற்பனை நாவல்களைப் பற்றி ஒரு சிற்றிதழ் தலையங்கம் எழுத வேண்டுமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நம் வீட்டுப் பதின்வயதுப் பிள்ளைகள் இவற்றை ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் அட்டையைப் பார்த்துவிட்டு, ‘ஏதோ மந்திர தந்திரக் கதை’ என்று திருப்பி வைத்துவிடுகிறோம். வாசிப்பவர்களோடு பேச மறுத்துவிட்டு, அடுத்த தலைமுறை வாசிப்பதில்லை என்று புலம்புவதில் பொருளில்லை.

‘தி நைட் சர்க்கஸ்’ பெரியவர்களுக்கான நாவலாகத்தான் பதிப்பிக்கப்பட்டது. பதின்வயதினரைக் கவரக்கூடிய பெரியோர் நூல்களுக்கு அமெரிக்க நூலகச் சங்கத்தின் பிரிவு ஒன்று ஆண்டுதோறும் தரும் அலெக்ஸ் விருது 2012இல் இதற்குக் கிடைத்தது. கதை 1873இல் தொடங்கி முப்பது ஆண்டுகள் நீள்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல் ஊர் எல்லையில் ஒரு சர்க்கஸ் வந்து இறங்குகிறது. கூடாரங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. பொழுது சாய்ந்தால் திறக்கும், விடிந்தால் மூடிவிடும். உள்ளே பனிக்கட்டியால் ஆன தோட்டம் ஒன்று. மேகங்களுக்குள் ஏறி இறங்கும் புதிர்வழி ஒன்று. வேண்டுதலாக மெழுகுவத்தி ஏற்றும் மரம் ஒன்று. இந்த சர்க்கஸின் பித்தர்கள் கழுத்தில் சிவப்புத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஊர் ஊராக அதன் பின்னால் அலைகிறார்கள். வாசித்து முடித்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவதும் இந்தக் காட்சிகளும், காற்றில் மிதக்கும் கேரமல் வாசனையும்தான்.

கூடாரத்துக்குப் பின்னால் நடப்பது வேறு. ப்ராஸ்பெரோ என்ற பெயரில் மேடையேறும் மந்திரவாதி ஹெக்டர் போவனிடம் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி வந்து சேர்கிறாள். தற்கொலை செய்துகொண்ட தாயின் கடிதம் அவள் மேலங்கியில் குத்தப்பட்டிருக்கிறது. மகளுக்குக் கோபம் வந்தால் மேசைமேல் இருக்கும் கோப்பை தானாக உடைவதைத் தகப்பன் கவனிக்கிறான். உடனே பழைய போட்டியாளன் ஒருவனுக்குச் சொல்லியனுப்புகிறான். ஆளுக்கொரு பிள்ளையைப் பயிற்றுவிப்போம், யாருடைய பாடமுறை சிறந்தது என்று பார்த்துவிடுவோம். சிறுமி சீலியாவின் விரலில் ஒரு மோதிரம் மாட்டப்படுகிறது. அது சதையை எரித்துக்கொண்டு உள்ளே இறங்கி வடுவாகிறது. எதிராளி அநாதை விடுதி ஒன்றிலிருந்து மார்கோ என்ற பையனைத் தேர்ந்தெடுக்கிறான். ஆட்டம் எப்போது தொடங்கும், விதிகள் என்ன, எதிரி யார், தோற்றால் என்ன ஆகும் என்று இருவருக்கும் யாரும் சொல்வதில்லை.

பயிற்சியை மார்கன்ஸ்டர்ன் இரண்டு விதமாகக் காட்டுகிறார். மார்கோவுக்குக் கிடைப்பது தனிமையும் புத்தகங்களும் குறிப்பேடுகளும். சீலியாவின் விரல்நுனிகளை அப்பனே கத்தியால் ஒவ்வொன்றாகக் கீறுகிறான். அவள் தன் சக்தியால் அவற்றை மூட வேண்டும். பத்து விரலையும் ஒரே நேரத்தில் மூடக் கற்கும்வரை கீறல் நிற்பதில்லை. வளர்ந்த பிறகு இருவரும் மோதுவதற்காகக் கட்டப்பட்ட களம்தான் அந்த சர்க்கஸ். அங்கே வேலை செய்யும் பெரும்பாலான கலைஞர்களுக்கும், டிக்கெட் வாங்கி உள்ளே வரும் கூட்டத்துக்கும் இது தெரியாது. கடைசிவரை தாங்கி நிற்பவர் வென்றவர் என்பதுதான் விதி என்று, உடலை வில்லாக வளைத்துக் காட்டும் கலைஞி சுகிகோவின் வாயால் பின்னால்தான் தெரியவருகிறது. முந்தைய ஆட்டம் ஒன்றில் ‘வென்று’ தன் அன்புக்குரியவளை இழந்தவள் அவள்.

இதைக் கொடூரத்துக்காகச் சேர்த்த மசாலா என்று ஒதுக்க முடியாது. சர்க்கஸின் சரித்திரம் அப்படி. 1768இல் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி குதிரைமேல் நின்று வித்தை காட்டத் தொடங்கினார். வட்டமாக ஓடும் குதிரையின்மேல் உள்பக்கமாகச் சாய்ந்து நின்றால் விழாமல் சமன் செய்யலாம் என்பதில் பிறந்தது சர்க்கஸ் வளையம். 42 அடி விட்டம் என்று அவர் நிலைப்படுத்திய கணக்கு இன்றும் மாறவில்லை. அந்த வட்டத்துக்குள் சீக்கிரத்திலேயே பிள்ளைகள் வந்துவிட்டார்கள். சிறு உடல் எடை குறைவு, எலும்பு வளையும், பார்க்கிறவர்களுக்குப் பதைப்பு கூடும், கூலியும் கேட்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வித்தைக்காரர்களிடம் பிள்ளைகளைத் தொழில் பழக ஒப்படைப்பது வழக்கமாக இருந்தது. 1879இல்தான், பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை உயிருக்கும் உடலுக்கும் ஆபத்தான பொதுநிகழ்ச்சிகளில் ஈடுபடுத்தக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கண் பார்வையாளர் முன் நடப்பதன்மேல் இருந்தது. நாவலின் கணக்குப்படி சீலியா அப்போது பதினான்கைத் தாண்டாதவள். அவள் விரல்கள் கீறப்படும் அறைகளில் பார்வையாளர் யாரும் இல்லை.

இலக்கியம் இதைச் சட்டத்தோடு சேர்ந்தே கவனித்திருக்கிறது. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஓட்டிஸின் ‘டோபி டைலர்’ நூலாக வந்தது 1881இல். சர்க்கஸோடு ஓடிப்போகும் அநாதைச் சிறுவன், வெளியிலிருந்து பார்த்த பகட்டுக்கு உள்ளே இருந்தது அடியும் உதையும்தான் என்று கண்டுகொண்டு திரும்பும் கதை. அதே 1881இல் இத்தாலியில் கார்லோ கொலோடி ‘பினோக்கியோ’வைத் தொடராக எழுதத் தொடங்கினார். பினோக்கியோ என்றதும் நமக்கு நீளும் மூக்கு மட்டும்தான் ஞாபகம். பள்ளிக்கூடமே இல்லாத விளையாட்டு நாட்டுக்கு ஆசைகாட்டி அழைத்துச் செல்லப்படும் அவன், அங்கே கழுதையாக மாறுகிறான். ஒரு சர்க்கஸ் முதலாளி அவனை விலைக்கு வாங்கிச் சவுக்கால் அடித்து நடனமும் தாவலும் கற்றுக்கொடுக்கிறான். கால் ஊனமானதும், அவன் தோலை உரித்து மத்தளத்துக்குப் போர்த்தலாம் என்று நினைக்கும் இன்னொருவனுக்கு விற்றுவிடுகிறான். இளையோருக்கான மாய சர்க்கஸ் கதைகளுக்கு மூதாதை தேடினால் இந்த அத்தியாயத்தில்தான் வந்து நிற்போம். மாயம் இங்கே உண்மையை மூடவில்லை. உழைக்கும் குழந்தையைக் கழுதையாகப் பார்க்கும் சமூகத்தை, குழந்தையைக் கழுதையாகவே ஆக்கிக் காட்டிவிடுகிறது.

பின்னால் வந்தவர்கள் இந்த இழையை விடவில்லை. ரே பிராட்பரி 1962இல் எழுதிய ‘சம்திங் விக்கெட் திஸ் வே கம்ஸ்’ நாவலில் நள்ளிரவு ரயிலில் வந்திறங்கும் கேளிக்கைக் கூட்டத்தில் ஒரு ராட்டினம் உண்டு. முன்னோக்கிச் சுழன்றால் வயது கூடும், பின்னோக்கிச் சுழன்றால் குறையும். சீக்கிரம் பெரியவனாகிவிட வேண்டும் என்று துடிக்கும் ஜிம் என்ற பையனுக்கு விரிக்கப்படும் வலை அது. டேரன் ஷானின் ‘சர்க் டு ஃப்ரீக்’ வரிசையின் முதல் நூல் 2000இல் வந்தது. நண்பனின் உயிரைக் காக்கும் மாற்றுமருந்துக்கு விலையாக, இரத்தக் காட்டேரி ஒருவனின் உதவியாளனாகப் போக ஒப்புக்கொள்கிறான் ஒரு பள்ளிச் சிறுவன். வீட்டாருக்கு அவன் செத்துப்போனவன். ஸ்டெஃபனி கார்பரின் ‘கேரவல்’ 2017இல் வந்தது. ஒருத்தி தப்பு செய்தால் மற்றவளைத் தண்டிக்கும் தகப்பனிடம் வளர்ந்த அக்காவும் தங்கையும், ஐந்து இரவுகள் நடக்கும் மாயக் கேளிக்கை ஒன்றுக்குப் போகிறார்கள். அங்கே உடைக்கு விலை காசில்லை, ஆயுளில் இரண்டு நாள். அக்காவை முகம் பார்த்திராத ஒருவனுக்கு மணம் முடிக்கத் தகப்பன் ஏற்கெனவே பேசி வைத்துவிட்டான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவை எல்லாமே தரத்தில் ஒன்றில்லை. பிராட்பரியின் மொழி வேறு உயரத்தில் நிற்கிறது. ‘கேரவல்’ பல இடங்களில் உடைகளையும் நிறங்களையும் வருணித்தே பக்கங்களை நிரப்புகிறது. ஆனால் எல்லாவற்றிலும் ஒப்பந்தம் இருக்கிறது. மந்திரக்கோல் கதைகளில் சக்தி பிறப்பிலேயே வந்துவிடும். காட்டுக்கதைகளில் தேடினால் கிடைக்கும். சர்க்கஸ் கதையில் மட்டும் யாரோ யாரோடோ பேரம் பேசியிருக்கிறார்கள். வேலை, கூலி, முதலாளி, தண்டனை என்று உலகத்தின் கணக்கு வழக்கு அந்தக் கூடாரத்துக்குள் இயல்பாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. பதினாறு வயதில் இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான களம் எது? எந்தப் படிப்பு, எந்த ஊர், எந்த வேலை, யாரோடு பழகலாம் என்று அவர் பெயரில் மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் வயது அது.

‘தி நைட் சர்க்கஸ்’மேல் நமக்குக் குறை உண்டு. அத்தியாயங்களுக்கு நடுநடுவே முன்னிலையில் எழுதப்பட்ட சிறு பகுதிகள் வருகின்றன. வாசகரை நேராக விளித்து, கூடாரம் கூடாரமாக நடத்திச் செல்கின்றன. அழகானவை, ஆனால் அவை வாசகரை எப்போதும் டிக்கெட் வாங்கியவராகவே வைத்திருக்கின்றன. சீலியாவின் விரல் கீறப்படும் அறைக்குள் முன்னிலையில் யாரும் அழைத்துச் செல்லப்படுவதில்லை. வன்முறை இரண்டு பத்தியில் முடிந்துவிடுகிறது. வாசனை நூறு பக்கத்துக்கு மணக்கிறது. ஆட்டத்தால் உயிரிழப்பவர்கள் பெரும்பாலும் ஆட்டக்காரர்கள் அல்லர். சர்க்கஸை உருவாக்க உதவிய பெண், சர்க்கஸை உயிராக நேசித்த கடிகாரம் செய்யும் பெரியவர் என்று பக்கத்தில் நின்றவர்கள்தான். அவர்களுக்கான துக்கத்தை நாவல் அவசரமாகக் கடந்துவிடுகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. அதை நாவலின் பலம் என்றுதான் சொல்ல வேண்டும். சீலியா அத்தனை வதைபட்டதால்தானே அந்தக் கூடாரங்கள் சாத்தியமாயின? வதையிலிருந்து அழகு வந்திருக்கிறதே, பிறகென்ன? இந்த வாதத்தைக் கேட்காத தமிழ்க் குடும்பம் இருக்காது. அடித்து வளர்த்ததால் ஆளானான் என்பார்கள். விடிகாலை நாலு மணிக்கு எழுப்பிவிட்டதால்தான் இந்த ரேங்க் என்பார்கள். மார்கன்ஸ்டர்ன் ஹெக்டரைக் கடைசிவரை திருத்துவதில்லை. தன் முறை சரி என்ற அகங்காரத்தோடு, பாதி உருவழிந்த ஆவியாக மகளைச் சுற்றிச் சுற்றி வருகிறான் அவன். சீலியாவின் திறமை உண்மை, அவளுக்குச் செய்யப்பட்டதும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிக்க நாவல் சம்மதிக்கவில்லை. இளம் வாசகருக்கு இதைவிட நேர்மையான பாடத்தை எந்த அறவுரைக் கதையும் தந்துவிட முடியாது.

நாவலின் கண்டடைதல் என்று நாம் கருதுவது பெய்லி என்ற பாத்திரத்தை. மாசசூசெட்ஸின் கான்கார்ட் ஊர்ப் பண்ணைப் பையன். ஹார்வர்டில் படிக்க வேண்டும் என்கிறார் பாட்டி. பண்ணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார் அப்பா. இரண்டு பேரும் அவனைக் கேட்கவில்லை. அவனிடம் மந்திர சக்தி எதுவும் கிடையாது. சர்க்கஸ் சிதையும் கட்டத்தில், அதைத் தாங்கிப் பிடிக்கப் புதியவர் ஒருவர் தேவைப்படும்போது, பதினாறு வயதான அவனிடம் சீலியா பேசுகிறாள். நீ விதிக்கப்பட்டவன், உனக்காகவே எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்லி அவனை இழுத்துப்போட அவளால் முடியும். அவள் அப்படிச் சொல்வதில்லை. நீ தேர்ந்தெடுக்கப்பட்டவன் இல்லை, சரியான நேரத்தில் சரியான இடத்தில் இருக்கிறாய், உனக்கு அக்கறை இருக்கிறது, அவ்வளவுதான் என்ற பொருளில் சொல்லிவிட்டு அவன் பதிலுக்குக் காத்திருக்கிறாள். ஆறு வயதில் விரலில் மோதிரம் எரிக்கப்பட்டவள், இன்னொரு பிள்ளையைக் கேட்கிறாள்.

இளையோர் கற்பனைக் கதைகளைப் பல காலமாக ஆட்டிப்படைத்துவரும் ‘அவதரித்த நாயகன்’ என்ற வழக்கத்துக்கு இது மறுப்பு. நெற்றித் தழும்பும் முன்னறிவிப்பும் வாக்கும் வைத்து ஒரு பிள்ளையை உலகைக் காக்க அனுப்புவதை நாம் வீரம் என்று படித்துப் பழகிவிட்டோம். அந்த முன்னறிவிப்பும் ஒருவகை ஒப்பந்தம்தான். பிள்ளை பிறக்குமுன் அதன் பெயரில் எழுதப்பட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். விஷ்ணுபந்த் சாத்ரே 1880இல் மும்பையில் ‘கிரேட் இண்டியன் சர்க்கஸ்’ நடத்தியதிலிருந்து இந்திய சர்க்கஸின் கதையைத் தொடங்குவது வழக்கம். 1901இல் தலச்சேரி அருகே கீலேரி குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸ் பள்ளி தொடங்கிய பிறகு, பார் ஆடுபவர்களும் கம்பி நடப்பவர்களும் அந்தப் பக்கத்திலிருந்து நாடெங்கும் போனார்கள். மகத்தான கலை அது, அதில் ஐயமில்லை. சிறுவயதிலேயே உடலைப் பழக்காவிட்டால் வித்தை வராது என்ற வாதத்திலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனாலும் நிகழ்ந்த வரிசையைப் பாருங்கள். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைக் காட்சிக்குப் பழக்கக் கூடாது என்ற மத்திய அரசின் அறிவிக்கை 1998இல் வந்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. குழந்தைகளுக்கான உத்தரவு 2011இல். கூடாரத்தை விட்டு முதலில் வெளியேறியது புலி.

கதை அதோடு முடியவில்லை. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டபோது, பதினான்கு வயதுக்குட்பட்டவர்கள் சினிமா, தொலைக்காட்சி, விளம்பரம், விளையாட்டு ஆகியவற்றில் கலைஞர்களாகப் பணியாற்றலாம், படிப்பு கெடக் கூடாது என்று நிபந்தனையோடு விலக்களிக்கப்பட்டது. அந்த விலக்கில் வராது என்று பெயர் சொல்லி ஒதுக்கப்பட்டது சர்க்கஸ். சர்க்கஸ் ஒதுக்கப்பட்டது சரி. ஆனால் வரவேற்பறையில் இருக்கும் கூடாரத்துக்குள் எட்டு வயதுப் பிள்ளை போட்டியில் பாடுகிறது. நடுவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். வெளியேற்றப்படும் பிள்ளை அழுகிறது. அந்த அழுகையை மூன்று கோணங்களில் காட்டுகிறார்கள். நாம் சிவப்புத் துண்டைக் கழுத்தில் கட்டாத பித்தர்களாக அடுத்த வார நிகழ்ச்சிக்குக் காத்திருக்கிறோம். நம் பிள்ளைகளின் குறும்பைப் படம் பிடித்துக் கைபேசியில் உலவ விடும் வீடுகளிலும் கேள்வி இதுதான்: யாரைக் கேட்டு?

தமிழில் சிறார் எழுத்து ஓரளவு உயிர்ப்போடு இருக்கிறது. பெரியவர்களுக்கான நாவலும் இருக்கிறது. நடுவில், பதின்மூன்றுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்டவர்களுக்கு நாம் பெரும்பாலும் தருவது தன்னம்பிக்கை நூல், தேர்வு வழிகாட்டி, இல்லையென்றால் சரித்திர நாயகனின் குதிரைக் குளம்பொலி. கற்பனை என்றால் தப்பியோடுதல் என்று எண்ணுபவர்கள் பினோக்கியோவின் கழுதை அத்தியாயத்தை மறுபடி வாசிக்க வேண்டும். இந்த வயதினர் யதார்த்தக் கதையில் கேட்கக் கூசும் கேள்வியை மாயக் கதையில் கூசாமல் கேட்பார்கள். என் அப்பா என்னை வைத்துப் பந்தயம் கட்டியிருக்கிறாரா என்று எந்தப் பிள்ளையும் சாப்பாட்டு வேளையில் கேட்காது. சீலியாவின் வழியாகக் கேட்டுக்கொள்ளும்.

மாய சர்க்கஸ் வைத்துத்தான் எழுத வேண்டும் என்றில்லை. நம் ஊர்க் கழைக்கூத்தாடியின் கயிற்றின்மேல் நடக்கும் சிறுமிக்கு இன்னும் ஒரு நாவல் பாக்கி இருக்கிறது என்பது வேறு கதை. எதை வைத்து எழுதினாலும், இளையோருக்கு எழுத வருபவர்களிடம் இந்த இதழ் எதிர்பார்ப்பது ஒன்று. மார்கன்ஸ்டர்ன் சீலியாவைப் பெய்லியிடம் கேட்க வைத்தார்; அது பெரிய காரியம். ஆனால் நீ மறுத்தால் இத்தனை பேருடைய வாழ்வும் அழிந்துபோகும் என்ற நிலையில் வைத்துத்தான் கேட்க வைத்தார். பதினாறு வயதுப் பிள்ளை அதற்கு வேறென்ன பதில் சொல்லும்? குடும்பத்துக்காக, ஊருக்காக, கலைக்காக என்று நாமும் அப்படித்தான் கேட்கிறோம். கேட்டுவிட்டோம் என்று திருப்தியும் படுகிறோம். முடியாது என்று பிள்ளை சொல்லவும், சொன்ன பிறகு அதைத் தண்டிக்காமல் கதை மேலே செல்லவும் இடம் தரும் ஒரு நாவல் தமிழில் வரட்டும். அதன் முதல் அத்தியாயத்தை வெளியிட இந்த இதழில் பக்கங்கள் உண்டு.